வெயில் தேடிப் போன மாவு

சேதி வந்தபோது நான் கிரைண்டரில் ஐஸ்கட்டி போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் மைசூரில் சித்திரை வெயில் காலையிலேயே வந்து தோளில் கை போட்டுக்கொள்கிறது. ஐஸ் போடாமல் அரைத்தால் உளுந்து சூடேறி, மாவு மத்தியானத்துக்குள் பொங்கிக் கேனைத் தாண்டித் தெருவைப் பார்க்கக் கிளம்பிவிடும். கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் போனைத் தட்டி எடுத்தேன். மாதேஸ்வரனின் மனைவி லட்சுமி, அவர்கள் ஊரான கௌதள்ளியிலிருந்து.

"அண்ணா, அவரு போயிட்டாருங்ணா. விடிகாலையில. தூங்கறாருன்னு நெனச்சு நான் காபி போடப் போயிட்டேன்."

எத்தனையோ பேர் வீட்டுச் சாவுக்குப் போய் ஆறுதல் சொன்ன வாய்தான். அன்று அந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "அங்க வெயிலா?"

மாதேஸ்வரன் நம்பரிலிருந்து போன் வந்தால் எங்கள் முதல் பேச்சு எப்போதும் அதுவாகவே இருந்ததால், நாக்கு தானாகப் போய்விட்டது. லட்சுமி கோபித்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மேகமா இருக்குதுங்ணா," என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதோம்.

நம் சங்க மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு முறை எழுதியவன். மூன்றாம் முறை அதுவே என்னை வேண்டாம் என்று விட்டது. இதுவரை நான் எழுதியவற்றில் பலரும் படித்தது 'இன்று மாவு இல்லை' என்ற அட்டை ஒன்றுதான். அதிலும் ஒரு பிழை இருந்ததாக என் மகள் வித்யா சொல்வாள். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை அவரை 'மாதேசு, வாடா' என்றுதான் கூப்பிட்டேன். எழுத்தில் 'அவர்' என்று போட வேண்டியிருக்கிறது. இதைப் படிக்க முடிந்தால், "யாருங்ணா அந்த அவரு?" என்றுதான் கேட்பார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆட்டோவே திணறுகிற மண்டி மொஹல்லாச் சந்துகளில் ஒரு பழைய வெள்ளை வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்து, தேர் நிலைக்கு வந்ததுபோல என் கடை வாசலில் நிறுத்துவாரே, அவர்தான். நான் அரைக்கும் இட்லி மாவை ஓட்டல்களுக்கும், மெஸ்களுக்கும், நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரி கேன்டீனுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. மாவு உயிருள்ள சரக்கு. வெயிலில் அது வண்டிக்குள்ளேயே பொங்கும். ஒரு கோடையில் கேன் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அவருடைய புது சீட் கவர் முழுக்க ஊத்தப்பம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையில், குஞ்சுகளுக்குச் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவந்து வேனின் முன்கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார். கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புக் கோடு. கோடு ஏறினால் வேகமாகப் போவார். இறங்கினால் வழியில் நிறுத்தி டீ குடிப்பார்.

மாவுக்காக வாங்கினதுதான். ஆனால் போகப்போக அவருக்கு அதுவே பெரிய சுகமாகிவிட்டது. பேப்பர் வந்தால் மற்றவர்கள் அரசியலும் கிரிக்கெட்டும் பார்ப்பார்கள். அவர் நேராக ஊர்களின் வெப்பநிலை போடுகிற மூலைக்குப் போவார். "மண்டியா ஜெயிச்சுருச்சுங்ணா, நம்மள ரெண்டு பாயிண்டுல அடிச்சுட்டான்," என்று வருத்தமாகச் சொல்வார். ஜெயித்தது எந்த வகையில், வெயிலிலா குளிரிலா என்று கேட்டால், "எதுல ஜெயிச்சா என்னங்ணா, ஜெயிச்சது ஜெயிச்சதுதான?" என்பார். என் மனைவி சரோஜா ஒருநாள் வேடிக்கையாக, "ஏன் மாதேசு, உன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னாகூட இப்படித்தான் ஸ்கோர் சொல்லுவியா?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "சொன்னனுங்க அக்கா, அதுக்குத்தான் மூணு நாளு சோறு போடல," என்றார்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பகலைப் பற்றி. அவரைப் பற்றி எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் அந்தப் பகலுக்குள்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மே மாதம். வித்யாவும் அவளோடு வேலை செய்த கார்த்திக்கும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருந்தார்கள். பையன் தங்கம். அவன் அம்மாதான் மலை. சேலத்திலிருந்து போனிலேயே எல்லாவற்றுக்கும் 'பார்க்கலாம்' சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மனசார சரி என்று சொல்லாமல் தாலி இல்லை என்று பையனும், அவர் அப்படிச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பெண்ணும் உறுதியாக இருந்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. போனை வைப்பதற்கு முன் அந்த அம்மா சரோஜாவிடம் ஒரு வார்த்தை சொன்னார்: "மாவு விக்கிற வீடுன்னு கேள்விப்பட்டோம். இட்லியாச்சும் நல்லா இருக்கும்ல?"

அந்த 'யாச்சும்' என்னைத் தூங்கவிடவில்லை.

"அப்பா, டிபனுக்கு பஜ்ஜி, கேசரி போதும்பா. இட்லி பேடா," என்றாள் வித்யா. மைசூரில் பிறந்த பிள்ளை, பிடிவாதம் வந்தால் 'வேண்டாம்' கன்னடத்தில் வந்துவிடும்.

"இட்லிதான். மைசூர்லயே இல்லாத இட்லி," என்றேன் நான். வாயால் கெடுகிறவனுக்கு நல்ல நேரம் பார்த்துக் கெடத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே வங்கக் கடலில் எங்கேயோ புயல் என்று சொன்னார்கள். சனிக்கிழமை நல்ல வெயில்தான். ஞாயிறு விடிந்தபோது சாமுண்டி மலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்தில் ஈரமான சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. தெருவில் குல்மோகர் பூக்கள் உதிர்ந்து, நனைந்து, அவற்றின் மேல் குளிர்காற்று ஊர்ந்துகொண்டிருந்தது. கத்திரி வெயில் காலத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா மங்கி குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார். நான் இதையெல்லாம் ரசித்துக்கொண்டே கடைக்குள் போய், இருபது வருஷப் பழக்கத்தில் கிரைண்டரில் ஐஸ்கட்டியைக் கொட்டி மாவு அரைத்தேன். மே மாதம் என்றால் ஐஸ். என் கைக்குத் தெரிந்த பஞ்சாங்கம் அவ்வளவுதான். பொங்குவதை மட்டுப்படுத்த உப்பையும் கோடைக் கணக்கில் முன்னாலேயே போட்டேன்.

மூன்று கேன் மாவு. காலை போய்ப் பத்து மணியாயிற்று. மே மாதத்தில் அந்நேரம் மூடியைத் திறந்தால் மாவு மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அன்று சுண்ணாம்பு கரைத்து வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. விரலை விட்டேன். விரல் மரத்துப் போயிற்று. சரோஜா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐஸ் போட்டீங்களா?"

"பழக்கம்."

"சுவெட்டர் போட்டுக்கிட்டு ஐஸ் போட்டீங்களா?"

அப்போதுதான் நான் சுவெட்டரைக் குனிந்து பார்த்தேன்.

மாலை நாலரைக்கு நல்ல நேரம். அதற்கு முன் சேலத்துக்காரர்கள் மைசூரில் இருக்கும் உறவினர் வீட்டில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மறுபடி ஊறவைத்து அரைக்க நேரமில்லை. அந்தச் சமயத்தில்தான் மாதேஸ்வரன் நஞ்சன்கூட்டிலிருந்து போன் செய்தார். முந்தின நாள் மாவைக் கேன்டீனில் இறக்கிவிட்டு நின்றிருந்தார்.

"அண்ணா, இங்க என்ற காலடியில நெழலு விழுகுதுங்ணா."

"நெழலா?"

"லேசா. வெயிலு வரப் பார்க்குது."

எனக்கு உயிர் வந்தது. "மாதேசு, சீக்கிரம் வா. மாவை வெயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்." விஷயத்தைச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர், "வர்றனுங்ணா," என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

இரண்டு கேன்களைப் பின்னால் ஏற்றினோம். மூன்றாவது கேனுக்கு மூடி சரியாக உட்காரவில்லை. அரைத்த அவசரத்தில் விளிம்பை நெளித்திருந்தேன். பின்னால் வைத்தால் கொட்டும். எங்கள் தொழிலில் மாவை ஒருநாளும் முன்பக்கம் வைப்பதில்லை. ஆனால் அன்று வேறு வழியில்லாமல் எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவே மேடாக இருக்கும் இடத்தில் அதை வைத்து, நான் மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

நஞ்சன்கூடு போனபோது அவர் பார்த்த நிழல் இல்லை. வெயில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. கபினி ஆற்றின் மேல் புகை தவழ்ந்தது. படித்துறைக் கல்லில் கேன்களை இறக்கிவைத்து, மூடிகளைத் திறந்து வானத்தைக் காட்டினோம். எதிரே தர்பூசணிக் குவியல் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. இளநீர்க்காரர் கோணிச்சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கன்னடத்தில் அவரிடம், "அண்ணா, பிசிலு எல்லி?" என்று கேட்டேன். வெயில் எங்கே என்றுதான் கேட்டேன். அவர், உன் சட்டைப்பையில் பார் என்று சொல்லிவிட்டுச் சாக்கை மறுபடி இழுத்து மூடிக்கொண்டார்.

மாதேஸ்வரன் சளைக்கவில்லை. நரசிபுரத்தில் ஒரு டீக்கடைக்காரர் அவருக்குப் பழக்கம். போன் போட்டார். "அங்க மஞ்சளா வெளிச்சம் தெரியுதாமுங்ணா," என்றார். போனோம். அது டீக்கடையின் குண்டு பல்பாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மேகம் நமக்கு முன்னாலயே வந்துருச்சுங்ணா, ஷார்ட்கட் தெரிஞ்ச மேகம்," என்றார். கொள்ளேகால் பக்கம் ஒரு கீற்று தெரிவதாக யாரோ சொல்லக் கேட்டு மறுபடி கிளம்பினோம்.

அந்தச் சாலையை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் கரும்பு. கரும்புக்கு மேலே ஒன்றுமில்லை, வெள்ளை. எதிரே வரும் வண்டிகள் முதலில் சத்தமாகவும், பிறகு இரண்டு விளக்காகவும், பிறகுதான் வண்டியாகவும் வந்தன. மாடுகள் சாலை நடுவில் படுத்துத் தம் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐஸ்கிரீம் சைக்கிள்காரர் ஒருவர் பெட்டியின் மேலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டு போனார். சைக்கிள் தானாகவே வீடு திரும்புவதுபோல் இருந்தது. முன்கண்ணாடியில் தெர்மாமீட்டர் ஆடியது. சிவப்புக் கோடு இறங்கி இறங்கி, அந்த வேனில் அது இதுவரை பார்க்காத இடத்துக்கு வந்திருந்தது.

மாதேஸ்வரன் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, தெர்மாமீட்டரைக் கழற்றிக் காற்றில் பிடித்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"மே மாசத்துலங்ணா," என்றார், கோவிலில் பேசுகிற குரலில்.

அங்கிருந்தே கௌதள்ளியிலிருந்த தம்பிக்குப் போன் போட்டார். தம்பி கம்பளிக்குள்ளிருந்து பேசினான். மழை, எழவே முடியவில்லை, ஆடுகள் வீட்டுக்குள் வந்து அடுப்படியில் படுத்துவிட்டன என்றான். போனை வைத்த மாதேஸ்வரனின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, அங்க இதையும் தாண்டியிருக்கும். ஆனா அளக்கறதுக்கு ஒரு ஆளு கெடையாது. நாளைக்குப் பேப்பர்ல மைசூரு இருக்கும், மண்டியா இருக்கும், சாம்ராஜ்நகரு இருக்கும். என்ற ஊரு இருக்காது. பேப்பர்ல எங்க ஊரு பேரு வரோணும்னா ஒண்ணு கொலை நடக்கோணும், இல்லீன்னா சிறுத்தை வரோணும்."

"வா, போய் அளந்துட்டு வந்துடலாம்," என்று நான் சொல்லுவேன் என அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. வேனின் மூக்கு அந்தத் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மணியைப் பார்த்தேன். பின்கேன்களைத் திறந்து பார்த்தேன். மாவு காலையில் கிடந்தபடியே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் காலத்தில், நடுச்சாலையில், சுவெட்டர் போட்டுக்கொண்டு, மாவுக்காக அழுகிற மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"ஏனுங்ணா, இட்லி பொங்கலீன்னா கண்ணாலம் நின்னுருமுங்களா?"

"நின்னுரும்டா. அந்தம்மா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படி நிக்கற கண்ணாலம் இட்லியால நிக்காதுங்ணா. ஆனாலும் இட்லி பொங்கோணும். நம்ம மாவுல்ல அது?"

சொல்லிவிட்டு ஒரு கேனைத் தூக்கி வேனின் கூரைமேல் வைத்தார், வெயிலுக்குக் கொஞ்சமாவது கிட்டே இருக்கட்டும் என்பதுபோல. நான் அதைச் சரியாமல் பிடித்துக்கொண்டேன். இருவரும் வானத்தைப் பார்த்தோம். கொள்ளேகால் பக்கமிருந்து ஒரு கார் வந்து, எங்கள் அருகே வேகம் குறைந்தது. பின்சீட்டில் துண்டைத் தலையில் சுற்றிய ஒரு பெண்மணி கண்ணாடியை இறக்கி எங்களை நன்றாகப் பார்த்தார். கேனைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கண்ணாடி ஏறியது. கார் மைசூர்ப் பக்கம் கரைந்து போயிற்று.

"வழி கேக்க நின்னாங்களோ?" என்றார் மாதேஸ்வரன்.

"நம்மளைப் பார்த்தா வழி தெரிஞ்ச ஆளுங்க மாதிரியா இருக்கு?"

திரும்பினோம். நான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கை மட்டும் கேன் மூடியின் மேல் கிடந்தது. மைசூர் நெருங்குகையில் வண்டி குலுங்கியதுபோல் இருந்தது. இன்னொரு முறை. பிறகு, குலுக்கல் இல்லாத இடத்திலும், உள்ளங்கைக்கு அடியில் ஏதோ மெல்லத் தள்ளியது. சரோஜாவின் வயிற்றில் வித்யா இருந்தபோது கையை வைத்துப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது. நான் தூங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். மறுபடி தள்ளியது.

"மாதேசு, நிறுத்து."

மூடியை எடுத்தேன். மாவு விளிம்பு வரை பொங்கி, மேலே குமிழ் குமிழாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். பிறகு கேன் உட்கார்ந்திருந்த மேட்டைப் பார்த்தோம். அந்தப் பழைய வேனுக்கு என்ஜின் முன்சீட்டுக்கு நடுவே, அந்த மேட்டுக்கு அடியில்தான். ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சூட்டில் மாவு கெட்டுவிடும் என்று பயந்துதான் முன்பக்கம் எதையும் வைக்க மாட்டோம். அந்தச் சூட்டைக் கெடுதலாகவே பார்த்துப் பழகியதால், அன்று அது உதவும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. மூன்று ஊர் சுற்றித் தேடியது எங்கள் முழங்கால் ஓரத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

மாதேஸ்வரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். ஹாரன் அழுந்தி, அது சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு அதுகூடக் கேட்கவில்லை.

பொங்கியது ஒரு கேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது போதும். எங்கள் பக்கத்து உறவினர்களுக்கு உப்புமா என்று சரோஜா நொடியில் தீர்மானித்தாள். சமையலறைப் பின்வாசல் வழியாகக் கேனை உள்ளே கொண்டுபோனோம். "இந்த விஷயம் வெளிய வரக் கூடாது," என்று மாதேஸ்வரனிடம் கெஞ்சினேன். "என்ற வாயில வருமுங்களா?" என்றார்.

நாலரைக்கு வந்தார்கள். கார்த்திக்கின் அம்மா நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார். மே மாதத்துக்கு என்று மெல்லிய சேலையில் வந்திருந்தார். சரோஜா தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். இலை போட்டோம். நான் இட்லியை வைத்தேன். அவர் விரலால் ஓரத்தில் அழுத்தினார். இட்லி அமுங்கி எழுந்தது. முதலாவதைச் சட்னி தொடாமல் சாப்பிட்டார். இரண்டாவதும் அப்படியே. கதவோரம் நின்ற வித்யா என் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதைப் பிட்டுக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "எங்க வீட்டுல நேத்து அரைச்ச மாவு கல்லு மாதிரி கெடக்கு. உங்களுக்கு மட்டும் எப்படிங்க இந்தக் குளிர்ல?"

"கைப்பக்குவம்," என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சைக்கூட நிமிர்த்தினேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். என் சுவெட்டரைப் பார்த்தார். "கொள்ளேகால் தாண்டி ரோட்டோரம் ரெண்டு பேரு. வேன் மேல கேனை வெச்சுப் புடிச்சுட்டு வானத்தைப் பாத்துட்டு நின்னாங்க. ஒருத்தரு இதே சுவெட்டரு."

நான் தரையைப் பார்த்தேன். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். மைசூரில் அந்த வசதி இல்லை. சமையலறை வாசலிலிருந்து மாதேஸ்வரனின் குரல் வந்தது.

"அது நாங்கதானுங்க. மாவுக்கு வெயிலு காட்டக் கூட்டிட்டுப் போனோம்."

"மாவுக்கா?"

"நஞ்சன்கூடு போனமுங்க. இல்ல. நரசிபுரம் போனமுங்க. அங்கயும் இல்ல. அண்ணன் ரோட்டுல நின்னு அழுதுட்டாருங்க." ஒன்றையும் விடவில்லை. ஐஸ், இளநீர்க்காரர், டீக்கடை வெளிச்சம், என்ஜின் மேடு. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். முதலில் வித்யா சிரித்தாள். பிறகு கார்த்திக். அந்த அம்மா பிட்ட இட்லியை இலையில் வைத்துவிட்டு, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நாங்களும் வர்ற வழியில கௌதள்ளியில டீ குடிச்சோம். கிளாஸைப் புடிக்க முடியல, கை அப்படி வெறைச்சுப் போச்சு," என்றார்.

மாதேஸ்வரன் சட்டென்று நின்றார். "எந்த ஊருங்க?"

"கௌதள்ளி."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தில் மற்ற இரண்டு கேனும் பொங்கியிருக்கும். "அது என்ற ஊருங்க," என்றார். "அங்க இன்னும் குளிருங்க. நாங்க நரசிபுரம் தாண்டினதுக்கே எத்தன தெரியுமுங்களா? பதினாறு டிகிரி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தெர்மாமீட்டரை நானும்தானே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சட்னி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பொண்ணைக் கூப்பிடுங்க. வந்தது வந்தோம், பூ வெச்சுட்டே போயிடறோம்," என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் பூ வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சரோஜா கதவோரம் நின்ற வித்யாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். என்னைப் பார்த்துச் சம்பந்தியம்மா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். இன்றுவரை என்னைப் பார்த்தால் அவருக்கு அந்தச் சிரிப்பு வந்துவிடும். கொஞ்சம் மரியாதையும் இருக்கலாம். நான் துருவிப் பார்த்ததில்லை.

மறுநாள் பேப்பரில், மே மாதத்தில் இப்படிக் குளிர்ந்தது பல வருஷங்களில் இல்லை, பழைய அளவுகளை இது தாண்டிவிட்டது என்று ஊர் ஊராகப் போட்டிருந்தார்கள். கௌதள்ளி இல்லை. அதை மாதேஸ்வரன் தன் வழியில் சரிசெய்யத் தொடங்கினார். வித்யா கல்யாணத்தில் பந்தியில் நின்று இந்தக் கதையைச் சொன்னபோது அன்றைய குளிர் பதினாலு டிகிரி. நாங்கள் நின்ற இடம் கொள்ளேகால். என் பேத்திக்குக் காது குத்தும்போது பத்து டிகிரி; இடம் இன்னும் கௌதள்ளிப் பக்கமாக, ஹனூர். இரண்டு வருஷம் முன்பு உடம்பு முடியாமல் வேனை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். பிறகு போனில் பேசும்போது கதை அவர் வீட்டு வாசலுக்கே வந்திருந்தது. எட்டு டிகிரி, கௌதள்ளி பஸ் ஸ்டாப்பில். "நாம அங்க போகவே இல்லையே மாதேசு," என்று ஒருமுறை சொன்னேன். "போயிருந்தா அவ்வளவுதான் இருந்திருக்குமுங்ணா," என்றார். அவர் குரலில் பொய்யே இல்லை. அன்று திரும்பாமல் நேராகப் போயிருந்த இன்னொரு வேன் அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது என்று நினைக்கிறேன்.

கருமாதிக்கு நாங்களும் வித்யா வீட்டாரும் கௌதள்ளி போனோம். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குச் சித்தப்பா முறையாகும் பெரியவர் வெற்றிலை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, அந்த மாவுக்காரரு நீங்கதானுங்களா? எட்டு டிகிரி, நம்ம ஊர்லதான் எல்லா ஊரையும் விடக் குளிருன்னு சொல்லிட்டே இருப்பான். இங்க ஒருத்தனும் நம்பல. புளுகன்னு பேரு வெச்சுட்டானுங்க. நெசமுங்களா அது?"

பந்தலில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். தண்ணீர்ச் செம்போடு வந்த லட்சுமி அப்படியே நின்றார். வித்யா தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் எங்கே திரும்பினோம் என்பது அவளுக்குத் தெரியும். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்; அவர்களில் ஒருவர் படமாகச் சுவரில் இருந்தார்.

"எட்டு இல்லீங்க," என்றேன்.

லட்சுமியின் முகம் சுருங்கியது.

"ஏழு. இதே ஊர்லதான். அவருக்குக் கண்ணாடி போட்டாத்தான் கிட்டத்துல தெரியும். அன்னிக்கி அதை மறந்துட்டு வந்துட்டாரு. படிச்சுச் சொன்னது நான்தான்."

பெரியவர் வெற்றிலையை வாயில் போட்டார். "ஏழா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது பந்தலைச் சுற்றிப் போயிற்று. லட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சிரிக்கிறார் என்றார்.

அந்தச் சாலையோரத்தில் சிவப்புக் கோடு உண்மையில் எங்கே நின்றது என்பதை இத்தனை பக்கம் எழுதியும் நான் எழுதவில்லை. பிழை திருத்திய வித்யா கண்டுபிடித்துவிட்டாள். எழுதப் போவதுமில்லை. இரண்டு பேர் குனிந்து பார்த்த எண் அது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்றபடி, அன்று எவ்வளவு குளிர் என்று கேட்பவர்களுக்கு ஏழு. அடுத்த கல்யாணத்தில் ஆறாக இருக்கலாம்.